ஓர் ஆசிரியையின் நன்றிக்கடன்

நன்றி என்னும் சொல் நம் நாவில் மிக எளிதாக வந்துவிடுகின்றது. கடிதத்தின் முடிவிலும் கூட்டத்தின் முடிவிலும் அதனைச் சொல்லிவிட்டு எழுந்து செல்கின்றோம். பாடசாலை விழாக்களில் 'நன்றியுரை' என நிகழ்ச்சிநிரலில் அச்சிடப்பட்டிருக்கும்; அது தொடங்கும் வேளையிலே சபையோர் தத்தம் செருப்புகளைத் தேடத் தொடங்குவர். நான் இன்று நிகழ்த்துவது அத்தகைய நன்றியுரையன்று. மலைநாட்டுத் தோட்டப் பாடசாலை ஒன்றிலே கணிதம் கற்பிப்பவள் நான். 2022ஆம் ஆண்டிலே யார் யாருக்குக் கடன்பட்டேன் என்பதையும், அக்கடன் என் கற்பித்தலை எவ்வாறு வளர்த்தது என்பதையுமே கூற எண்ணுகின்றேன்.

அவ்வாண்டு எத்தகையது என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதற்கு முந்திய ஈராண்டுகளும் பெருந்தொற்றினாலே பாடசாலைகள் நெடுநாள் மூடிக்கிடந்தமையால், 2022க்குரிய கல்வியாண்டு ஏப்பிரலிலே தொடங்கி, 2023 மார்ச்சிலேயே முடிவுற்றது. அது தொடங்குமுன்னரே, மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் தாள் இல்லாமையால் ஒத்திவைக்கப்பட்டன. யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் வழங்கப்படாது என அரசாங்கம் அறிவித்தது. யூலையின் பெரும்பகுதி பாடசாலைகளின் கதவுகள் அடைபட்டிருந்தன. 25ஆந் தேதி அவை திறந்தபொழுது, வாரத்திற்கு மூன்று நாட்களே வகுப்புகள் நடைபெற்றன. ஓகஸ்டிலே ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. செப்டெம்பரிலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை ஓராண்டிற்கு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ 95 சதவீதம் கூடியிருந்தது.

இவையெல்லாம் கொழும்புக் கணக்குகள். லயன் அறைக்கு இவை வந்து சேர்ந்த விதம் வேறு. 2021இலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என வகுக்கப்பட்டது. அதே ஆண்டிலே இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது. பசளையின்றிச் செடி தளர்ந்தது, கொழுந்து குறைந்தது. குறித்த கிலோ எடுக்காதவருக்கு முழுநாட் சம்பளம் கிடையாது. 'அரைப்பேர்' என்று பாதியே விழும். கோதுமை மா ரொட்டியை நம்பி வாழும் குடும்பத்திலே மாவின் விலையும் ஏறி, வருவாயும் பாதியானால், விடியற்காலையில் அடுப்பு என்ன செய்யும்? அவ்வாண்டில் என் வகுப்புப் பிள்ளைகள் பலர் வெறுந்தேநீரோடு மலையேறி வந்தனர்.

என் முதற்கடன் எங்கள் பாடசாலையிலே மதிய உணவு சமைத்த அம்மையாருக்கு உரியது. அவரும் ஒரு மாணவனின் தாயாரே. அவருக்குக் கிடைத்த பணம் அன்றைய விலைக்குப் போதாது. தம் வீட்டுப் புறத்து மரவள்ளிக் கிழங்கையும், ஓடைக்கரையிற் பறித்த கீரையையும் சேர்த்து அவர் பானையை நிரப்பினார். அஃது ஒருபுறமிருக்க, அவர் எனக்குச் சொன்ன ஒரு செய்தியே பெரிது. "டீச்சர், பசியோட வந்த புள்ளை மணியடிச்சா முதல்ல ஓடி வராது. கடைசியாத்தான் வரும். வெக்கம்" என்றார். நான் அன்றுமுதல் வரிசையின் கடைசியைப் பார்க்கத் தொடங்கினேன். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. கோப்பையைக் கழுவுவதுபோல நேரங்கடத்தும் பிள்ளை, நூலகக் கதவருகே நின்று எதையோ தேடும் பிள்ளை, இவர்களே காலையில் ஒன்றும் உண்ணாதவர்கள். ஆசிரிய கலாசாலையிலே உளவியல் படித்தோம்; நல்ல பாடமே. எனினும், பசிக்கு நாணம் உண்டு என்பதை எனக்குக் கற்பித்தவர் அகப்பை பிடித்த அந்த அம்மையார்தாம். அதிபரும் நாங்களும் கலந்து, கடினமான பாடங்களை உணவு வேளைக்குப் பின்னர் மாற்றிக்கொண்டோம். நேரசூசி எழுதுவோர் இதனைச் சற்றுச் சிந்திக்கலாம்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. நாடு முழுவதும் நடந்தது, நாங்களும் நடந்தோம். கொழுந்து லொறிக்காரர் சிலவேளை ஏற்றிச் சென்றார். மே மாத இறுதியிலே சாதாரண தரப் பரீட்சை நடந்தபொழுது, முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் இரவிரவாக வரிசையில் நின்று பெற்ற பெற்றோலைத் தம் பிழைப்புக்கு வைத்துக்கொள்ளாது, எங்கள் மாணவிகளைப் பரீட்சை நிலையத்திற்கு ஏற்றி இறக்கினார். கூலி கேட்கவில்லை. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

இனி, தாளில்லாத பரீட்சைக்கு வருகின்றேன். கொப்பியின் விலை ஏறியமையாற் பிள்ளைகள் பழைய கொப்பிகளின் ஓரங்களில் எழுதினர். தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் அச்சிட வழியில்லை. ஆகவே எட்டாந் தரத்து முப்பத்துநான்கு பிள்ளைகளையும் ஒவ்வொருவராக அழைத்து, வாய்மொழியாகவே கணிதம் கேட்பதென முடிவு செய்தேன். ஒருவருக்குப் பத்து நிமிடம். விறாந்தையில் இரண்டு நாற்காலிகள்; கையில் ஒரு வெண்கட்டி; காலடியிற் சீமெந்துத் தரை. மூன்று நாட்கள் சென்றன. தம்பியை அழைத்துப்போக வந்த பாட்டியொருவர் படியில் அமர்ந்து இதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் காலத்துத் தோட்டப் பாடசாலையிலே ஒரே அறை, ஒரே வாத்தியார், எல்லாம் வாய்ப்பாடமே என்று சொல்லி, பதினாறாம் வாய்ப்பாட்டைப் பிழையின்றி ஒப்புவித்தார். 1945இலே இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தது என நாம் பெருமையுடன் கூறுகின்றோம். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேயே. அந்தப் பாட்டியின் பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு மேலே அவருக்குப் படிக்க வகுப்பு இருக்கவில்லை.

அந்த முப்பத்துநால்வரில் ஒரு பையன் முந்திய தவணைகளிலே சதவீதக் கணக்குகளை வெறுமையாகவே விட்டுவந்தவன். "ஒரு பொருளின் நிறை 20 கிலோ. அதிற் பதினைந்து சதவீதம் நீக்கினால் மிகுதி யாது?" என்று கேட்டேன். அவன் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தான். "கொழுந்தா டீச்சர்?" என்றான். "கொழுந்துதான்" என்றேன். "மூணு கழிச்சாப் பதினேழு" என்று கண்ணிமைக்கும் பொழுதிற் சொன்னான். மாலையிலே தாயின் கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு தராசடிக்குச் செல்பவன் அவன். சாக்கின் நிறைக்கும் ஈரத்திற்கும் கழிக்கும் கணக்கை நாள்தோறும் பார்த்து நிற்பவன். நான் அடுத்த வினாவுக்குச் செல்லுமுன் அவனே என்னைக் கேட்டான்: "மழை நாள்ல மூணு கழிக்கிறது சரி டீச்சர். வெயில் நாள்லயும் ஏன் மூணு?"

நேயர்களே, இவ்வினாவிற்குப் பாடநூலில் விடையில்லை. ஆனால், விகிதம், மாறி, மாறிலி என்பவற்றையெல்லாம் நான் பல ஆண்டுகளாகக் கற்பித்துவந்தது இவ்வினாவைக் கேட்கத்தக்க ஒருவனை உருவாக்குவதற்கே அன்றோ? அவனோ தராசடியில் நின்று தானாகவே அங்கு வந்து சேர்ந்துவிட்டான். எழுத்தில் ஊமையாயிருந்த அறிவு, பேச விட்டபொழுது பேசிற்று. அதன் பின்னர் என் கணக்குகள் வேறாயின. மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானால் அதிகரிப்பு எத்தனை சதவீதம் என்று வகுப்பிற் கேட்டேன். ஏறத்தாழ 291 என்று வந்தது. "பிழையா இருக்கும் டீச்சர், திரும்பப் பாருங்க" என்றாள் ஒரு சிறுமி. மும்முறை செய்து பார்த்தோம். அதே விடை. வகுப்பு மௌனமாயிற்று. கணிதம் அவர்களது வீட்டுக்குள் இருப்பதென்று அன்று அவர்கள் அறிந்தார்கள். அவர்களது வீட்டுக்குள் என்ன இருக்கின்றதென்று நான் அறிந்தேன்.

யூலையிலே பாடசாலை மூடியிருந்த நாட்களில், வாரத்திற்கொருமுறை லயன்களுக்கு நடந்து சென்றேன். ஒரு லயனின் இஸ்தோப்பிலே, பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி சின்னஞ்சிறார் ஒன்பது பேரை இருத்தி வைத்துக் கற்பித்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கரியால் தரையில் எழுதினாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. தாய்மார் மலைக்குச் சென்றபின் பிள்ளைகள் சும்மா திரிந்தனர், ஆதலாற் கூப்பிட்டு வைத்துக்கொண்டாளாம். நான் மறைவில் நின்று கேட்டேன். "விளங்குதா?" என்று என் குரலிலேயே கேட்டாள், எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், ஒரு வினாவைக் கேட்டபின் அவள் பொறுத்திருந்த பொறுமை என்னுடையதன்று, அவளுக்கே சொந்தமானது. நாற்பது நிமிடத்தில் மணியடிக்கும் என்ற அச்சம் அவளுக்கு இல்லை. ஒரு குழந்தை விரல்களை மடக்கி மடக்கி விடைக்கு வரும்வரை அவள் தன் தங்கையின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். நான் இன்று வகுப்பில் ஒரு வினாவைக் கேட்டால், மனத்துள் பத்து வரை எண்ணிய பின்னரே அடுத்த சொல்லைப் பேசுகின்றேன். அஃது அந்தச் சிறுமியிடம் பெற்ற பயிற்சி.

துன்பமே ஆசான், வறுமையே சிறந்த பள்ளிக்கூடம் என்று மேடைகளிற் பேசுவோர் உளர். 'அந்த நெருக்கடிக்கும் நன்றி சொல்லவேண்டும், அதனாலன்றோ நீங்கள் இவ்வளவு கற்றீர்கள்' என்று என்னிடமே ஒரு பெரியவர் கூறினார். நான் உடன்படேன். வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயரிட்டார். செய்த நன்மை என்றால் செய்தவர் ஒருவர் இருத்தல் வேண்டும். சமைத்த அம்மையார் செய்தார்; முச்சக்கரவண்டிக்காரர் செய்தார்; கரியால் எழுதிய சிறுமி செய்தாள். பஞ்சம் எங்களுக்கு என்ன செய்தது? பத்தாந் தரத்திலிருந்து மூன்று பையன்களைக் கொண்டுபோயிற்று. ஐந்து வயது முதற் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016 தொடக்கம் இந்நாட்டு விதி. அவர்கள் மூவருக்கும் பதினைந்து வயது. கொழும்பிலே கடைகளுக்கு வேலைக்குப் போனார்கள். நாங்கள் வீட்டிற்குச் சென்று பேசினோம், பெற்றார் அழுதனர், நாங்கள் திரும்பினோம். நான் கற்றவற்றையெல்லாம் ஒரு தட்டிலும், அம்மூவரின் வெற்றிடங்களை மறுதட்டிலும் வைத்தால் தராசு எப்பக்கம் தாழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவன் 2023 தைப்பொங்கலுக்குப் பின் திரும்பி வந்து வகுப்பில் அமர்ந்தான். மற்றொருவனைப் பற்றிச் செய்தியில்லை. மூன்றாமவன் தீபாவளிக்கு ஊர் வந்தபொழுது, பாடசாலைக்கும் வந்தான். கடையில் வாங்கிய பன்னிரண்டு கொப்பிகள் அவன் கையில் இருந்தன. "இல்லாத புள்ளைகளுக்குக் குடுங்க டீச்சர்" என்றான். அவனை உட்காரச் சொன்னேன். கொழும்பு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நின்றுகொண்டே பேசினான். கடைக் கணக்கைத் தானே எழுதுவதாகவும் முதலாளி பிழை பிடித்ததில்லை என்றும் சொன்னான். பதினொரு கொப்பிகளை வகுப்பிற் பகிர்ந்து கொடுத்தேன். பன்னிரண்டாவதன் அட்டையில் அவனுடைய பெயரையும் தரத்தையும் எழுதி, என் அலுமாரியில் வைத்திருக்கின்றேன்.