ஆபத்தைச் சொல்வது நம் உரிமை



வயலில் அடிக்கும் பூச்சிமருந்து ஆலையில்தான் பிறக்கிறது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில், போபாலில் அத்தகைய யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர். விஷத் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரத்தை நிர்வாகம் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தது!

அதன் பிறகே, 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான ஆலைகளில் உயிருக்கு ஆபத்து என்று கண்டால், நிர்வாகத்திடமும் இன்ஸ்பெக்டரிடமும் முறையிடும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது. 2020-ல் இயற்றிய சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமை உண்டு. மருந்தடிக்கும் விவசாயக் கூலிக்கும் கையுறை, முகக்கவசம் வேண்டுமென்று 1971-லேயே விதி வந்தது.

பாதுகாப்புக் கருவியைக் கழற்றாமலிருப்பது நம் கடமை. அது கழன்று கிடந்தால் வாய் திறப்பது நம் உரிமை. தனியாகச் சொன்னால் மிரட்டுவார்கள். சங்கத்தின் மூலம் எழுதிக் கொடுங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள்!