பத்தியப் பிள்ளையின் பசி

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பசிக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்குச் சோறு போடுவதுதான் பெற்றவர் கடமை. ஆனால் சில வீடுகளில் இந்தக் கடமையே பெரிய சங்கடமாகிவிடுகிறது. பிள்ளைக்கு நோய்; டாக்டர் பத்தியம் சொல்லியிருக்கிறார்; பிள்ளையோ காலையிலிருந்து ராத்திரிவரை "பசிக்குது, பசிக்குது" என்று அழுகிறது. கொடுத்தால் நோய் ஏறுமோ என்று பயம். கொடுக்காவிட்டால் வயிறு எரிகிறது. இந்த நிலைமையில் என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

எல்லா நோய்க்கும் ஒரே பத்தியம் கிடையாது. ஆகவே நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வருகிற ஒரு நோயை மட்டும் எடுத்துக் கொள்வோம். நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்று அதற்குப் பேர். பெரும்பாலும் 2 வயதிலிருந்து 6 வயதுக்குள் ஆரம்பிக்கும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு அதிகம் வரும். காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும். பூச்சி கடித்திருக்கும் என்று விட்டுவிடுவோம். பிறகு காலும் வயிறும் வீங்கும். மூத்திரம் நுரை நுரையாகப் போகும். "பிள்ளைக்கு நீர் கோத்துக்கிச்சு" என்று ஊரில் சொல்வார்கள்.

சிறுநீரகம் ஒரு வடிகட்டி மாதிரி. ரத்தத்தில் இருக்கிற புரதச் சத்தை நிறுத்திக்கொண்டு கழிவை மட்டும் வெளியே விட வேண்டும். இந்த நோயில் வடிகட்டியின் கண் பெரிதாகி, புரதம் மூத்திரத்தோடு போய்விடுகிறது. ரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் ரத்தக் குழாயில் நிற்காமல் சதையில் தேங்கும். அதுதான் வீக்கம். உப்பு சேர்ந்தால் நீர் இன்னும் தேங்கும். அதனால்தான் உப்புப் பத்தியம்.

இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை. இந்த வகை மருந்து 1950-ஐ ஒட்டித்தான் வந்தது. அதற்கு முன் இந்த நோய் கண்ட பிள்ளைகள் பலர் கிருமி தொற்றி இறந்து போனார்கள். இன்று இந்த வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் இந்த மாத்திரைக்கே குணம் தெரிகிறது. முதல் தடவை நோய் கண்டால் வழக்கமாக 6 வாரம் தினமும், பிறகு அளவைக் குறைத்து 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பார்கள். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்ப வரும். திரும்ப மாத்திரை கொடுக்க வேண்டும். ஆனாலும் மாத்திரைக்குக் கேட்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் வளர வளர நோய் விட்டுச் சிறுநீரகம் கெடாமல் பிழைத்துக் கொள்கிறார்கள்.

அந்தப் பசி இந்த மாத்திரையால்தான் வருகிறது. மூளையில் "போதும்" என்று சொல்லுகிற இடத்தை மருந்து மாற்றிவிடுகிறது. நான்கு இட்லி தின்ற பிள்ளை அரை மணியில் மறுபடி தட்டைத் தூக்கிக்கொண்டு வரும். முகம் உருண்டையாகும். கோபமும் அழுகையும் கூடும். இது நடிப்பு அல்ல, பேராசையும் அல்ல. நமக்கு ரெண்டு நாள் பட்டினி கிடந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது. ஆகவே "தீனிப்பண்டாரம்" என்று திட்டாதீர்கள். அடுக்களையில் எடுத்துத் தின்றுவிட்டால் "திருட்டுப் பய" என்று அடிக்காதீர்கள். மருந்தின் வேலைக்குப் பிள்ளையைத் தண்டிப்பது நியாயமா?

இன்னொரு காரியத்தைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். சில வீடுகளில் பெற்றவர்களே ஒரு முடிவுக்கு வருகிறார்கள். "வீக்கம் வடிஞ்சிடுச்சு, இந்த மாத்திரையாலதானே புள்ள இப்படிப் பறக்குது, நிறுத்திடலாம்" என்று. இது ஆபத்து. சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் சிறு சுரப்பி, இதே மாதிரிச் சத்தைத் தானாகச் சுரக்கும். மாத்திரை வெளியிலிருந்து வருகிறபோது அது சுரப்பதைக் குறைத்துக் கொண்டு ஓய்ந்திருக்கும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் உடம்புக்கு ரெண்டும் இல்லாமல் போகும். வாந்தி, சோர்வு, மயக்கம், உயிருக்கே மோசம் வரலாம். நோயும் திரும்பலாம். பசி தாங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் அவர் கையில்தான் இருக்க வேண்டும். அளவு குறையக் குறையப் பசியும் தணியும், உருண்டை முகமும் வாடும். இந்தக் கஷ்டம் சில மாதக் கஷ்டம்.

அந்தச் சில மாதத்தை எப்படி ஓட்டுவது? முதலில் உப்பைப் பார்ப்போம்.

பிள்ளைக்குத் தனியாக உலை வைக்க வேண்டியதில்லை. இட்லி மாவு கரைத்ததும் உப்புப் போடுவதற்கு முன் பிள்ளையின் பங்கை வேறு ஏனத்தில் எடுத்து வையுங்கள். சாம்பாரும் பொரியலும் அப்படியே. வெந்ததும் ஒரு கரண்டி தனியே எடுத்துவிட்டுப் பிறகு உப்புச் சேருங்கள். உப்பில்லாத குறை தெரியாமல் இருக்க எலுமிச்சை, புளி, சீரகம், மிளகு, பூண்டு, கொத்தமல்லி, புதினா இவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு, மிக்சர், சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ் வேண்டாம். ரொட்டியிலும் பிஸ்கட்டிலும்கூட உப்பு உண்டு. ஆப்பசோடாவும் உப்பின் உறவுதான். இந்துப்பு நல்லது என்று சிலர் சொல்வார்கள், அதுவும் உப்புதான். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும்.

உப்புப் பத்தியம் ஆயுசுக்கும் அல்ல. வீக்கம் வடிந்து, மூத்திரத்தில் புரதம் நின்றதும் வீட்டுச் சாப்பாட்டையே, உப்பு மிகாமல், கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்வார். இன்னொன்று: புரதம் வீணாகிறதே என்று தினம் ஐந்தாறு முட்டையைத் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். அதிகமாகக் கொடுத்தது அதிகமாக வெளியே போகும், அவ்வளவுதான். அந்த வயதுக்கு வேண்டிய பருப்பு, பால், முட்டை போதும்.

இனி பசிக்கு வருவோம். கேட்கிறபோதெல்லாம் சோறு, எண்ணெய்ப் பலகாரம், இனிப்பு என்று கொடுத்தால் பிள்ளை பருத்துவிடும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறக்கூடும். ஒன்றுமே கொடுக்காமல் விட்டால் பிள்ளை திருடித் தின்னும், மனசும் உடையும். நடுவழி என்ன? வேளையை வகுத்துவிடுவதுதான். மூன்று வேளைச் சாப்பாட்டையே ஆறாகப் பிரியுங்கள். உதாரணத்துக்கு ஒரு நாள் இப்படி இருக்கலாம்:

காலை 7.30: உப்பில்லா இட்லி, காய் போட்ட சாம்பார். சாப்பிட்ட பிறகு மாத்திரை.
10 மணி: வெள்ளரிக்காய் அல்லது ஒரு கொய்யா.
12.30: முதலில் கீரையும் காயும், பிறகு பருப்போடு அளவான சோறு.
4 மணி: உப்பில்லாமல் அவித்த சுண்டல், இஞ்சி தட்டிப் போட்ட நீர்மோர்.
7 மணி: கேழ்வரகு தோசை, புதினாச் சட்னி.
8.30: சர்க்கரை போடாத பால் அரை டம்ளர்.

அளவு வயதையும் எடையையும் பொறுத்தது. நர்ஸம்மாவிடம் கேட்டுக் கொள்ளுங்கள். வீக்கம் அதிகமாயிருந்து, குடிக்கும் தண்ணீருக்கு டாக்டர் கணக்குச் சொல்லியிருந்தால், மோரும் பாலும் ரசமும் அந்தக் கணக்கில் சேரும்.

சுரைக்காய், புடலங்காய், பூசணி, கீரைத்தண்டு போன்றவை வயிற்றை நிரப்பும், உடம்பைப் பருக்க வைக்காது. அதனால் தட்டில் காய்தான் முதலில். தட்டு சின்னதாக இருக்கட்டும். மறுசோறு கேட்டால் "இல்லை" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல், "கால் மணி நேரம் விளையாடிட்டு வா கண்ணு, அப்பவும் பசிச்சா இன்னும் கொஞ்சம் காய் தர்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி கொடுங்கள். பசித்த பிள்ளைக்கு "அடுத்து எப்போ கிடைக்குமோ" என்கிற பயம்தான் பெரியது. கடிகாரத்தில் முள்ளைக் காட்டி, "சின்ன முள் நாலுக்கு வந்தா சுண்டல்" என்று சொல்லிவிட்டால் பிள்ளை காத்திருக்கப் பழகும். நாம் ஒருநாள் வாக்குத் தவறினால் மறுநாள் நம்பாது.

மாத்திரையைக் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்பதில் லாபம் உண்டு. வயிறும் எரியாது, ராத்திரித் தூக்கமும் கெடாது. தூங்காத பிள்ளைக்கு இன்னும் பசிக்கும்.

இப்போது தம்பதிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பத்தியம் பல வீடுகளில் உப்பால் கெடுவதைவிட ஒற்றுமையின்மையால் கெடுகிறது. அம்மா நாள் பூராவும் "வேண்டாம்" சொல்லிச் சொல்லிக் களைத்திருப்பாள். சாயந்திரம் அப்பா டவுனிலிருந்து மிக்சர் பொட்டலத்தோடு வருவார். "ஏன் புள்ள, குழந்தை ஏங்குதே, ஒரு கை கொடுத்தா என்ன?" என்பார். பாட்டி முந்தானையில் முறுக்கை முடிந்து வைத்திருப்பாள். பிள்ளைக்கு அப்பா நல்லவர், பாட்டி நல்லவர், அம்மா மட்டும் பொல்லாதவள். அந்த அம்மா எத்தனை நாள் தாங்குவாள்?

ஆகவே பிள்ளை தூங்கிய பிறகு கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். "என்னங்க, டாக்டர் சொன்னதை நீங்களே அத்தைகிட்டச் சொல்லுங்க" என்று மனைவி கேட்கலாம். கணவர் சொன்னால் அந்த வார்த்தைக்கு எடை உண்டு. வீட்டில் எல்லோரும் ஒரே பதில் சொல்ல வேண்டும். அப்பா ஏதாவது வாங்கி வர ஆசைப்பட்டால் பந்து வாங்கட்டும், கொய்யா வாங்கட்டும். வாரத்தில் ரெண்டு நாளாவது அவரே பிள்ளையை ஆஸ்பத்திரிக்கோ விளையாடவோ கூட்டிப் போகட்டும். நொறுக்குத்தீனியைப் பூட்டி வைப்பதைவிட வீட்டுக்குள் கொண்டு வராமல் இருப்பது மேல். அண்ணன் தம்பி, அக்காள் தங்கச்சியும் இந்தப் பிள்ளை முன்னால் முறுக்குக் கடிக்க வேண்டாம். எல்லோருமே உப்பைக் கொஞ்சம் குறைத்தால் பெரியவர்களின் ரத்த அழுத்தத்துக்கும் நல்லதுதானே?

பள்ளிக்கூடம் போகிற பிள்ளையானால் ஆசிரியரிடமும் சத்துணவு சமைக்கும் அம்மாவிடமும் விவரம் சொல்லுங்கள். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் கிடைக்கும் உப்புமாவிலும் பொங்கலிலும் உப்பு இருக்கும். வீக்கம் வடியும்வரை வீட்டிலிருந்து டப்பா கட்டிக் கொடுங்கள். மதியம் கொடுக்கும் அவித்த முட்டையைப் பிள்ளை தின்னலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தினம் காலை முதல் மூத்திரத்தில், ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி, பட்டையை நனைத்துப் பார்த்து, தேதி, நிறம், மாத்திரை அளவு, எடை எல்லாம் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பெரிய பிள்ளையை விட்டு எழுதச் சொல்லலாம். எடையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ரெண்டு மூன்று நாளில் திடீரென்று ஏறினால் அது நீர். வாரக் கணக்கில் மெல்ல ஏறினால் அது தீனி. நீர் என்றால் டாக்டரிடம் போக வேண்டும். தீனி என்றால் வேளையைத் திருத்த வேண்டும். மூத்திரத்தில் மூன்று நாள் தொடர்ந்து புரதம் மூன்று பிளஸ் அல்லது அதற்கு மேல் காட்டினால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

மாத்திரை தின்னும் பிள்ளைக்குக் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைவு. காய்ச்சல், காய்ச்சலோடு வயிற்று வலி, மூத்திரம் குறைதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மாத்திரை தங்காமல் வாந்தி, மூச்சு வாங்குதல் இவற்றில் எது கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வண்டி இல்லையென்றால் 108-க்கு போன் போடுங்கள். பக்கத்து வீட்டில் அம்மை போட்டிருந்து, பிள்ளை அங்கே போய் வந்திருந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். தடுப்பூசி போட வரும் நர்ஸம்மாவிடமும் இந்த மாத்திரையைச் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும். சில ஊசிகளை இப்போது போடக்கூடாது.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

பசி மருந்தால் வருவது, பிள்ளையைத் திட்டாதீர்கள்.
மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
உப்பைப் போடுமுன் பிள்ளையின் பங்கை எடுத்து வையுங்கள்.
ஆறு வேளை வகுத்து, சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள்.
வீட்டில் எல்லோரும் ஒரே பதில் சொல்லுங்கள்.
நோட்டுப் புத்தகத்தோடு தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் தயங்காமல் கேளுங்கள். இதே கஷ்டத்தில் இருக்கிற வீடு உங்கள் தெருவில் இருந்தால், அவர்களுக்கும் இதைப் போய்ச் சொல்லுங்கள்.