பெயர் எழுதப்படாதோர்



இருப்புப்பாதையால் பிழைக்கும் யாம், தமிழர் உயிரைப் பலிகொண்ட ஓர் இருப்புப்பாதையைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். அது சயாம்–பர்மா ரயில் பாதை.

1942, 1943 ஆகிய ஆண்டுகளில் ஜப்பானியப் படை 415 கிலோமீட்டர் நீளத்திற்குக் காட்டினூடே அதனை அமைத்தது. போர்க்கைதிகள் சுமார் 60,000 பேரும், அவர்களினும் மிகுதியாக ஆசியத் தொழிலாளரும் அங்கு உழைத்தனர். அவர்களுள் பல்லாயிரவர் மலேயாவின் ரப்பர்த் தோட்டத் தமிழர். நம் சின்னக்கானல் தேயிலைத் தோட்டங்களுக்கு மலையேறி வந்தோரைப் போலவே, பிழைப்பு நாடிக் கடல் கடந்தவர்கள்.

கைதிகளுக்காக 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை இருந்தது. ஜப்பான் அதனை உறுதிசெய்யவில்லை. 12,000க்கு மேற்பட்ட கைதிகள் மாண்டனர். எனினும் அவர்களுக்குப் படைப்பட்டியல் இருந்தது. தம்முள்ளேயே மருத்துவரும் இருந்தனர். காஞ்சனபுரியில் அவர்தம் கல்லறைகள் பெயருடன் பேணப்படுகின்றன. தமிழருக்கோ முறையான பட்டியலும் இல்லை. காலராவில் மடிந்தோர் காட்டிலேயே புதையுண்டனர். இறந்தோர் தொகை இன்றும் வெறும் மதிப்பீடே.

1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை குடிமக்களைக் காக்க எழுந்தது. கைப்பற்றிய நாட்டு மக்களை வேற்று நாட்டிற்குக் கொண்டுசென்று வேலை வாங்குவதை அது விலக்குகின்றது. 1950இல் இந்தியாவும் அதனை உறுதிசெய்தது.

அன்பர்களே, உங்கள் குடும்பத்தில் மலேயா சென்று மீளாதவர் உண்டாயின், அவர் பெயர், ஊர், சென்ற ஆண்டு ஆகியவற்றை நம் சங்கப் பதிவேட்டில் எழுதுவிக்க வேண்டுகின்றோம். அவர்களுக்கு நாம் இன்று செய்யக்கூடிய கடன் இதுவே.