தொண்டும் ஊதியமும்



1893ஆம் ஆண்டுச் சிகாகோ என்றதும் நமக்கு விவேகானந்தர் நினைவுக்கு வருவார். அதே சமயப் பேரவையின் பகுதியாக யூதப் பெண்கள் மாநாட்டைக் கூட்டியவர் ஹன்னா சாலமன். யூத ஆடவர் குழு, பெண்களுக்கு மேடையில் இடம் தராது விருந்தோம்பலை மட்டுமே ஒதுக்கியது. பெண்கள் விலகித் தனியே கூடினர். அங்குப் பிறந்த யூதப் பெண்கள் தேசியக் கழகம், பின்னர் நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் துணையின்றி வந்திறங்கிய இளம்பெண்களுக்குக் காவலாய் நின்றது.

உழைப்பை ஏற்று உரிமையை மறுக்கும் வழக்கம் மலாயாவிலும் இருந்தது. ஆசிரியைக்குப் பணி சமம், ஊதியமோ குறைவு. ஜான்சி ராணிப் படையில் நின்ற ராசம்மா பூபாலன், 1960இல் ஆசிரியைகளுக்கெனத் தொழிற்சங்கம் கண்டார். 1963இல் பெண்கள் அமைப்புகளின் தேசிய மன்றம் உருவாகவும் உழைத்தார். அரசுப் பணியில் சம ஊதியம் 1969இல் வந்தது. இவ்வவையிலுள்ள ஆசிரியைகள் பெறும் சம்பளம் அவ்வழி வந்ததே.