தெரியாத காளானை அடுப்பில் ஏற்றாதீர்கள்



1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் நாங்கள். இங்கே லயத்திலும் உங்களுக்குச் சொந்தம் இருக்கிறது, அங்கே வன்னியிலும் இருக்கிறது. போக வர இருக்கிற நீங்கள் காளான் விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது என்றுதான் பேச வந்தோம்.

வன்னியில் ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்ததும், கறையான் இருக்கிற புல்தரையில் சட்டைப் பொத்தான் அளவு வெள்ளைக் காளான் நூற்றுக்கணக்கில் பூக்கும். கறையான் தன் புற்றுக்குள்ளே வளர்க்கிற பூஞ்சணம்தான் இப்படி வெளியே வருகிறது. தின்னக்கூடியது, ருசியானது. 1871இல் இதை முதலில் விவரித்து எழுதியதே இலங்கையில் எடுத்ததை வைத்துத்தான். தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் பணிப்பாளரான பெட்ச் துரையும் பேராதனையில் இருந்தபோது கறையான் புற்றுக் காளானை ஆராய்ந்தவர்.

சரி, அடையாளம் என்ன? கூட்டமாக முளைக்கும். தொப்பி நடுவில் சின்னக் கூர் இருக்கும். காம்பில் வளையம் இராது. அடியில் கிண்ணம் மாதிரி உறையும் இராது. அதைப் பார்க்க மண்ணோடு தோண்டி எடுங்கள். பிறகு ஒரு தொப்பியை வெள்ளைக் கடதாசியில் கவிழ்த்து, கோப்பையால் மூடி, இரவு முழுக்க வையுங்கள். இளஞ்சிவப்புத் தூள் படிய வேண்டும். பச்சைத் தூள் படிந்தால் அது புல்தரையில் வரும் விஷக் குடைக்காளான். மொட்டிலே அதுவும் சின்னதுதான். ஆனால் இளஞ்சிவப்புத் தூள் விடும் விஷக் காளானும் உண்டு. ஆகவே எல்லா அடையாளமும் சேர்ந்து வரணும். கூடவே, வருஷக்கணக்காக அதைப் பறித்துச் சாப்பிடும் ஊர்ப் பெரியவரிடமும் காட்டணும். ஒன்று குறைந்தாலும் வீசிவிடுங்கள்.

வெள்ளிக்காசு கறுக்கும், உள்ளி நிறம் மாறும், பூச்சி தின்றால் நல்லது என்பதெல்லாம் வெறும் பேச்சு. வேகவைத்தாலும் கொடிய விஷம் போகாது.

சாப்பிட்டபின் வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் கை வைத்தியம் பார்த்துக் காத்திருக்காதீர்கள். 1990க்கு அடித்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிச்சக் காளானையும் கொண்டுபோங்கள். ஆறு மணி நேரம் கழித்து வாந்தி வந்தால் ஆபத்து இன்னும் பெரிது. ஒருநாள் சுகமானதுபோல இருக்கும்; உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு நேரக் கறி போனால் போகட்டும். பிள்ளைகள் இருக்கட்டும்.