எந்த என்ஜினை அணைப்பது?



நடுவானில் ஓர் என்ஜின் பழுதானால் விமானிகள் முதலில் என்ன செய்வார்கள் தெரியுமா? உடனே எதையும் அணைக்கமாட்டார்கள். விமானத்தைத் தடுமாறாமல் பறக்க வைப்பதுதான் முதல் வேலை. இரண்டு என்ஜின் விமானம் ஒன்றைக் கொண்டே பத்திரமாகத் தரையிறங்க முடியும். ஆகவே பதற்றம் வேண்டாம் என்பது அவர்கள் கற்ற பாடம். ஒருவர் விமானத்தை ஓட்டுவார்; மற்றவர் கருவிகளைப் பார்ப்பார். பழுதான என்ஜினின் விசையில் கை வைத்து, "இதுதானே?" என்று கேட்பார். அடுத்தவரும் பார்த்து, "ஆம், அதுதான்" என்ற பிறகே அதை நிறுத்துவார்.

ஏன் இத்தனை கவனம்? 1989 ஜனவரி 8 அன்று, லண்டனிலிருந்து பெல்பாஸ்டுக்கு 126 பேருடன் ஒரு போயிங் 737 புறப்பட்டது. வழியில் இடப்பக்க என்ஜினின் விசிறித் தகடு ஒன்று உடைந்தது. விமானம் அதிர்ந்தது, புகை வந்தது. விமானிகள் அவசரமாக முடிவெடுத்து வலப்பக்க என்ஜினை நிறுத்தினார்கள். அதுதான் நல்ல என்ஜின்! அந்நேரம் அதிர்வு குறைந்ததால், சரியானதையே செய்தோம் என்று நம்பினார்கள். வலப்பக்கத்தில் கோளாறு என்று பயணிகளுக்கும் அறிவித்தார்கள். இடப்பக்கத்தில் நெருப்பைக் கண்டவர்கள் பின்னால் இருந்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் அதை விமானியிடம் சொல்லவில்லை. தரையிறங்கும் நேரத்தில் பழுதான என்ஜினும் செயலிழந்தது. கெக்வொர்த் என்ற ஊருக்கு அருகே விமானம் விழுந்து 47 பேர் இறந்தார்கள்.

வயலில் களைகளைக் கண்ட பணியாளர்களின் உவமை நமக்குத் தெரியும். உடனே போய்ப் பறித்துவிடத் துடித்தார்கள் அவர்கள். வீட்டுத் தலைவரோ தடுத்தார். அவசரக் கை கோதுமையையும் சேர்த்துப் பிடுங்கிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் வீட்டிலும் அதிர்வுகள் வருகின்றன. வியாபாரம் நொடிக்கிறது, கோபம் மனைவிமேல் பாய்கிறது. மகன் தேர்வில் தோற்கிறான். அவனோடு பேச்சையே நிறுத்திவிடுகிறோம். துக்கம் வருகிறது, செபத்தைக் கைவிடுகிறோம். கொஞ்ச நேரம் வீடு அமைதியானதுபோலவும் தோன்றும். ஆனால் நம்மைக் கரைசேர்க்க இருந்த நல்ல என்ஜினை அல்லவா அணைத்துவிட்டோம்!

அன்பார்ந்தவர்களே, இந்த வாரம் இரண்டு காரியங்கள் செய்வோம். கோபத்தில் ஒரு முடிவெடுக்கும்முன், நம்மை நேசிக்கும் ஒருவரிடம் "இதுதானா பழுது?" என்று கேட்போம். அடுத்தவர் வாழ்வில் நெருப்பைக் கண்டால், அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று வாய்மூடி இருந்துவிடாமல், பக்கத்தில் போய் அன்போடு சொல்வோம். பெரியவர்களிடம் சிறியவர்கள் சொல்லலாம்; பங்குத்தந்தையிடம் நீங்களும் சொல்லலாம்.

ஆண்டவரே, பதறும் வேளையில் எங்கள் கைகளைப் பிடித்துக்கொள்ளும். பேச வேண்டிய வேளையில் எங்கள் வாயைத் திறந்தருளும். ஆமென்.