நோய் முறித்த அளவுகோல்

(ஆசிரியரும் மாணவரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய பொழிவின் எழுத்துவடிவம்)



2020ஆம் ஆண்டு ஆகசுட்டுத் திங்கள் 17ஆம் நாள். அந்த ஒரே நாளில், இரண்டு தலைநகர்களில், இரண்டு முடிவுகள் வெளிவந்தன. இலண்டனில், பல்கலைக்கழகம் புகவிருந்த மாணவர்க்குக் கணக்கீட்டு நெறியொன்றால் அரசு வழங்கியிருந்த தரநிலைகளை அரசே கைவிட்டது. ஆசிரியர் இட்ட தரமே செல்லும் என்று இறங்கிவந்தது. புதுதில்லியில், நீட் தேர்வையும் பொறியியற் கூட்டு நுழைவுத்தேர்வையும் தள்ளிவைக்க வேண்டிய முறையீட்டை உச்ச முறைமன்றம் ஏற்க மறுத்தது. தொற்று உச்சத்தில் நின்றபோதே தேர்வு நடக்கும் என்பது உறுதியாயிற்று.

இரண்டையும் தூண்டியது ஒரே நோய். இரண்டிலும் எழுந்த வினாவும் ஒன்றே. தேர்வு எழுத இயலாத காலத்தில் ஒரு மாணவனை எந்தக் கோலால் அளப்பது? அவனை அறிந்தவர் அளப்பதா, அறியாதவர் அளப்பதா? இவ்வினாவைத்தான் இன்று உங்கள்முன் வைக்க வந்துள்ளேன்.

கொரோனாத் தொற்று 2020இன் தொடக்கத்தில் உலகெங்கும் பரவியபோது பள்ளிகள் மூடப்பெற்றன. நூற்றுக்கணக்கானோரை ஒரே கூடத்தில் அடைத்து, ஒரே நேரத்தில், ஒரே தாளை எழுதச் செய்வது பொதுத்தேர்வின் இயல்பு. கூட்டத்தில் பரவுவது தொற்றின் இயல்பு. ஆகவே இரண்டும் முட்டிக்கொண்டன.

அரசுகள் வெவ்வேறு வழிகளில் சென்றன. சீன நாடு தன் பல்கலை நுழைவுத்தேர்வைச் சூன் திங்களிலிருந்து சூலை 7ஆம் நாளுக்குத் தள்ளிவைத்தது. அதற்குப் பதிந்தோர் ஒரு கோடியே ஏழு இலக்கம் பேர். தென்கொரியா நவம்பர் 19இல் நடக்கவேண்டியதைத் திசம்பர் 3ஆம் நாள் நடத்தியது. தொற்றுற்ற மாணவர் மருத்துவமனையிலேயே எழுத இடம் அமைத்துக்கொடுத்தது. இவ்விரு நாடுகளும் காலத்தை மாற்றின, கோலை மாற்றவில்லை. இங்கிலாந்தோ தேர்வையே கைவிட்டுப் புதிய கோலொன்றைச் செய்யப் புகுந்தது. அங்கு நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நமக்குரிய பாடம் அதிலேதான் இருக்கிறது.

இங்கிலாந்தில் பதினெட்டு அகவையில் எழுதும் தேர்வுக்கு 'ஏ நிலை' என்று பெயர். அத்தேர்வுக்கு முன்பே பல்கலைக்கழகங்கள் மாணவர்க்கு இடம் அளிக்க ஒப்புக்கொள்கின்றன. ஆனால், "இன்னின்ன பாடத்தில் இன்னின்ன தரம் பெற்றால்" என்னும் கட்டு அதற்கு உண்டு. ஒரு பாடத்தில் ஒரு தரம் குறைந்தாலும் அவ்விடம் கைநழுவிப் போகலாம். மருத்துவம் பயில விரும்புவோர்க்கு இது தலையெழுத்தையே மாற்றும் செய்தி.

2020 மார்ச்சு 18ஆம் நாள் இத்தேர்வுகள் நடைபெறா என்று அரசு அறிவித்தது. 'ஆப்குவால்' என்னும் தேர்வு ஒழுங்காற்று அமைப்பு ஒரு வழி வகுத்தது. ஆசிரியரிடம் இரண்டு கேட்டனர். தேர்வு நடந்திருந்தால் ஒவ்வொரு மாணவனும் என்ன தரம் பெற்றிருப்பான் என்பது ஒன்று. வகுப்பில் முதல்வன் தொடங்கிக் கடையன் ஈறாக வரிசைப்படுத்துக என்பது மற்றொன்று.

ஆசிரியர்கள் உழைத்து இரண்டையும் அனுப்பினர். ஆனால், பெரிய வகுப்புகளில் ஆசிரியர் இட்ட தரம் எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. வரிசை மட்டுமே கொள்ளப்பட்டது. அப்பள்ளி அப்பாடத்தில் 2017, 2018, 2019 ஆகிய மூன்றாண்டுகளில் பெற்ற தரங்களை எடுத்தனர். இவ்வாண்டு மாணவர் பதினாறு அகவையில் எழுதிய தேர்வின் நிலையைப் பார்த்து அவற்றைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் கொண்டனர். பின்னர் அத்தரங்களை வரிசைப்படி மேலிருந்து கீழாகப் பங்கிட்டனர்.

இதன் பொருள் என்ன? எடுத்துக்காட்டாக ஒரு பள்ளியைக் கொள்வோம். ஏழை உழைப்பாளர் வாழும் பகுதி. கணக்குப் பாடத்தில் முப்பதுபேர். கடந்த மூன்றாண்டுகளில் அங்கு எவரும் மேல்தரம் பெற்றதில்லை. இவ்வாண்டோ நல்லறிவுடைய பெண்ணொருத்தி வந்து வாய்த்தாள். அவளுக்கு மேல்தரம் உறுதி என்று ஆசிரியர் எழுதுகிறார். வரிசையிலும் அவளையே முதலில் வைக்கிறார். ஆனால், பங்கிடும் பையில் மேல்தரமே இல்லை! அவளுக்குமுன் அப்பள்ளியில் பயின்று வெளியேறியவர், அவள் கண்டறியாதவர், எழுதிய தேர்வு அவள் தலையில் ஏறிக்கொண்டது. அதே பள்ளியில் முன்பு ஒருவன் தோற்றிருந்தால், இவ்வாண்டு கடைசியில் நிற்பவன் எழுதாத தேர்வில் தோற்றவனாகவும் கூடும்.

இன்னொரு புறத்தையும் பாருங்கள். ஐந்துபேருக்கு மேற்படாத வகுப்புகளில் கணக்கீடு செல்லாது என்று, ஆசிரியர் இட்ட தரத்தையே அப்படியே ஏற்றனர். பதினைந்துக்குட்பட்ட வகுப்புகளில் ஓரளவு ஏற்றனர். புள்ளியியல் அறிவு அதைத்தான் சொல்லும், அதில் குற்றமில்லை. ஆனால், ஐந்துபேருக்கு ஒரு வகுப்பு நடத்த எந்தப் பள்ளியால் இயலும்? பெருங்கட்டணம் வாங்கும் தனியார் பள்ளியால் இயலும். ஆதலால் செல்வர் வீட்டுப் பிள்ளையை ஆசிரியர் அளந்தார். ஏழை வீட்டுப் பிள்ளையைப் பள்ளியின் பழங்கணக்கு அளந்தது. வேண்டுமென்றே எவரும் இதைச் செய்யவில்லை. வேண்டுமென்று செய்யாமலேயே இப்படி ஆயிற்றே என்பதுதான் நாம் அஞ்சவேண்டிய செய்தி.

ஆகசுட்டு 13ஆம் நாள் முடிவுகள் வந்தன. இங்கிலாந்தில் ஆசிரியர் இட்ட தரங்களுள் 39.1 விழுக்காடு கீழிறக்கப்பட்டிருந்தன. தனியார் பள்ளிகளில் 'ஏ' தரமும் அதற்கு மேலும் பெற்றோர் பங்கு முந்தைய ஆண்டைவிட 4.7 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்திருந்தது. பொதுப்பள்ளிகளில் அவ்வுயர்வு அதன் பாதியளவும் இல்லை. மாணவர்கள் இலண்டன் தெருவில் திரண்டு கல்வித்துறை அலுவலகத்தின்முன் முழங்கினர். நான்கு நாளில் அரசு பின்வாங்கியது.

அதற்கு முன்பே இசுகாட்லாந்தில் இதே கதை நடந்து முடிந்திருந்தது. அங்கு ஆகசுட்டு 4இல் முடிவு வந்தது. மேனிலைத் தேர்வின் தேர்ச்சி, மிக ஏழ்மையான பகுதிகளில் ஆசிரியர் மதிப்பீட்டினின்று 15.2 விழுக்காட்டுப் புள்ளி குறைக்கப்பட்டது. மிகச் செல்வமான பகுதிகளிலோ 6.9 மட்டுமே. ஒரு கிழமைக்குள் அவ்வரசும் திரும்பப்பெற்றது. அண்டை வீட்டில் பற்றிய தீயைக் கண்டபின்னும் இங்கிலாந்து தன் கூரையைக் காக்கவில்லை.

பெருமக்களே! நடுவுநிலையாளர் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஆசிரியர் மதிப்பீடும் பிழையற்றதன்று. இங்கிலாந்து, வேல்சு, வட அயர்லாந்து மூன்றிலும் சேர்த்து, 2019இல் 'ஏ' தரமும் அதற்கு மேலும் பெற்றவை 25.4 விழுக்காடு. ஆசிரியர் இட்ட தரத்தையே ஏற்ற 2020இல் அது 38 விழுக்காட்டைக் கடந்தது. தேர்வின்றி ஆசிரியரே அளந்த 2021இல் 44.8 ஆயிற்று. தேர்வு மீண்ட 2022இல் 36.4, 2023இல் 27.2. ஈராண்டில் பிள்ளைகளின் அறிவு அவ்வளவு பெருகிப் பின் அவ்வளவு சுருங்கிற்றென்று எவரும் சொல்லார். ஆசிரியர் தம் மாணவர்பால் அன்புடையவர். ஐயம் வந்தால் உயர்த்தியே இடுவார். ஆகவே அரசின் அச்சத்துக்கும் அடிப்படை இருந்தது. அவ்வச்சத்தைத் தீர்க்க அவர்கள் தேர்ந்த மருந்துதான் நோயினும் கொடிதாயிற்று.

இனி, நம் மண்ணுக்கு வருவோம். 2020ஆம் ஆண்டின் நீட் தேர்வு மே 3ஆம் நாள் நடக்கவேண்டியது. அது சூலை 26க்கும், பின்னர்ச் செப்டம்பர் 13க்கும் தள்ளப்பட்டது. இருமுறை நாள் மாறிய அத்தேர்வை ஏறத்தாழப் பதினாறு இலக்கம் மாணவர் எதிர்நோக்கியிருந்தனர். முறையீட்டை மறுத்த மன்றம், வாழ்க்கை நின்றுவிட இயலாது, மாணவரின் ஓராண்டு வீணாகக் கூடாது என்றது. அதிலும் பொருள் உண்டு. ஆனால், அந்த நாள்மாற்றங்களின் சுமையை எல்லா வீடும் ஒப்பத் தாங்கவில்லை. பள்ளி மூடிய திங்கள்களில், தனிப் பயிற்சிக்குப் பணமும் கணினியும் தனியறையும் உள்ள வீட்டுக்கு அது கூடுதல் படிப்புக் காலம். ஒரே கைப்பேசியை மூவர் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்கு அது வெறுங்காலம். தேர்வுக்கு முந்தைய நாள் தமிழ்நாட்டில் மூன்று இளம் உயிர்களை இழந்தோம். அதன்மேல் நான் சொல்லெடுக்க விரும்பவில்லை. அவ்வீடுகளின் துயரம் மேடைப்பேச்சுக்கு உரியதன்று.

மறு ஆண்டு இரண்டாம் அலை வந்தது. 2021 சூன் 5ஆம் நாள், தமிழ்நாட்டரசு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வைக் கைவிட்டது. இங்கிலாந்து சந்தித்த அதே வினாவை நாமும் சந்தித்தோம். நாம் கண்ட விடை வேறு. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணினின்று 50 விழுக்காடு, பதினோராம் வகுப்பினின்று 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீடு ஆகியவற்றினின்று 30 என்று கூட்டி எட்டு இலக்கத்துக்கும் மேற்பட்ட மாணவர்க்கு மதிப்பெண் வழங்கப்பெற்றது. நிறைவுறாதவர் தேர்வெழுதிக்கொள்ள வாய்ப்பும் தரப்பட்டது.

இதில் குறையில்லையா? உண்டு. பத்தாம் வகுப்பில் பின்தங்கிப் பின்னர் விழித்தெழுந்து படித்த மாணவனுக்கு ஈராண்டுக்கு முந்தைய மதிப்பெண் பாதிச் சுமையாகியது. ஆயினும் ஒன்றை எண்ணிப்பாருங்கள். அக்கணக்கில் வந்த ஒவ்வோர் எண்ணும் அம்மாணவன் தன் கையால் ஈட்டியது. அவன் பயின்ற பள்ளி எத்தகையது, அவனுக்குமுன் அங்கு யார் தோற்றார், அவன் எத்தெருவில் வாழ்கிறான் என்பவற்றுக்கு அதில் இடமே இல்லை. இலண்டன் அறிஞர் வகுத்த நுண்கணக்கினும், நம் கூட்டல் கணக்கு எளிது. இந்த ஒரு வகையில் அதனினும் முறையானது.

ஆனால், அம்மதிப்பெண் கலை, அறிவியல், பொறியியல் கல்லூரிகளின் கதவைத்தான் திறந்தது. மருத்துவக் கல்லூரியின் கதவுக்கு அது திறவுகோலாகவில்லை. பன்னீராண்டுப் பள்ளிப்படிப்பின் இறுதித் தேர்வு நடைபெறாத அதே ஆண்டில், மூன்றுமணி நேர நீட் தேர்வு மட்டும் செப்டம்பர் 12ஆம் நாள் நடந்தேறியது. மறுநாளே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அத்தேர்வினின்று விலக்குக் கோரும் சட்டமுன்வரைவை நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. அவ்வாண்டு வெளியான அ. க. இராசன் குழுவின் அறிக்கை, தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றோருள் பத்துக்கு ஏழு பேர் மீண்டும் மீண்டும் எழுதியவர் என்று காட்டிற்று. மீண்டும் எழுத ஓராண்டு வேண்டும். ஓராண்டு காத்திருக்கப் பணம் வேண்டும். நோய் வருமுன்பே அக்கோல் ஒருபக்கம் சாய்ந்துதான் இருந்தது. நோய் அதன் சாய்வை எல்லாரும் காணச் செய்தது.

ஆக, நாம் கொள்ளவேண்டிய பாடம் யாது? ஒரு மாணவனின் எதிர்காலத்தை ஒரே நாளின் ஒரே தேர்வில் கட்டித் தொங்கவிடும் நாடு, அந்நாள் பறிபோகும்போது கையற்று நிற்கும். அப்போது ஒன்று, மாணவனை நோயின் வாயிலூடே தேர்வுக்கூடத்துக்கு இழுக்கும். அன்றேல், அவனை அறியாத கணக்கொன்றின் கையில் ஒப்படைக்கும். இரண்டும் நடந்தன, இரண்டையும் நாம் கண்டோம்.

இதற்கு மாற்று, நோயில்லாத காலத்திலேயே செய்துவைக்க வேண்டியது. மாணவன் ஆண்டுதோறும் ஈட்டியவற்றுக்கு உரிய எடை தரவேண்டும். ஆசிரியர் மதிப்பீட்டைப் பிறபள்ளி ஆசிரியர் மாணவனின் எழுத்துப்பணியைப் பார்த்துச் சரிநோக்கும் முறை வேண்டும். அன்பின் மிகையை அது திருத்தும். எந்தக் கணக்கீட்டு நெறியாயினும் மாணவர் தலையில் ஏற்றுமுன் ஊரறிய வெளியிட வேண்டும். தன் மதிப்பெண்ணை ஏற்காதவன் எழுதிக்காட்டும் உரிமை என்றும் திறந்திருக்க வேண்டும்.

அரசு இவற்றைச் செய்யட்டும் என்று காத்திராதீர்கள். ஆசிரியப் பெருமக்களே! உங்கள் மாணவர் ஒவ்வொருவரின் எழுத்துப்பணியையும், செய்முறையையும், அவர் வளர்ந்த படிகளையும் இவ்வாண்டு முதலே பதிவேட்டில் பேணிவையுங்கள். அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று எவரும் சொல்ல இயலாது. அது வரும்நாளில், "இம்மாணவனை நான் அறிவேன்; இதோ சான்று" என்று நீட்ட உங்கள் கையில் ஓர் ஏடு இருக்கட்டும்.